மூன்றேகால் முதல் மூன்றரை வரை

காலை ஆறரைக்கு அந்த மூலை வீட்டுக் கதவை அவள் ஒரு முறைதான் தட்டினாள். இரண்டாவது தட்டுக்குக் கை எழுவதற்குள் தாழ்ப்பாள் விலகிவிட்டது. கதவை ஒட்டி நின்று காத்திருந்தால்தான் அவ்வளவு சீக்கிரம் திறக்க முடியும்.

"வாங்க. உங்களைத்தான் அனுப்பணும்னு எழுதிக் கேட்டிருந்தேன். அனுப்பிட்டாங்க," என்றாள் வீட்டுக்காரி. வாயில் வரவேற்பு இருந்தது. முகத்தில் இல்லை.

வந்தவள் போக்குவரத்துத் துறைப் பொறியாளர். நகரத்தில் எந்த முனைக்குச் சிக்னல் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கணக்கெடுத்துச் சொல்வது பதினேழு வருடமாக அவள் வேலை. ஓர் எண் முன்னே பின்னே இருந்தாலும் விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் 'கறார்' என்றே பெயர். மேலதிகாரிகள் முதுகுக்குப் பின்னாலும் மற்றவர்கள் முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

நாலு வருடத்துக்கு முன், துணைக்கு ஆள் இல்லாமல், இதே வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து இதே முனையை எண்ணியவள் அவள். 'சிக்னல் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்.

மாடிப்படி மரத்தாலானது. கால் வைக்க வைக்க ஒவ்வொரு படியும் ஒவ்வொரு குரலில் முனகியது. மேலே அறை மாறவே இல்லை. அதே மேசை, அதே நாற்காலி, சாலையைப் பார்த்த அதே ஒற்றைச் சன்னல். பூட்டிக் கிடந்த அறையின் புழுக்க வாடைக்கு அடியில் இன்னொரு வாடை மட்டும் புதிது. சடாரென்று பிரேக் போட்ட டயரின் கருகல். சன்னல் அப்போது மூடித்தான் இருந்தது.

அவள் சன்னலைத் திறந்தாள். எதிரே பேருந்து நிறுத்தம். இந்தப் பக்கம் இரண்டு வீடு தள்ளி மருத்துவமனை வாசல். இடையில் நான்கு வண்டி அகலத்துக்குச் சாலை. பாலத்திலிருந்து இறக்கமாக வருவதால், இந்த இடத்தில் எந்த வண்டியும் வேகத்தைக் குறைப்பதில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அவளுடைய உதவியாளன் நின்று கையசைத்தான். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கழுத்து. எல்லோருக்கும் அவன் 'ஒட்டகம்'. அவன் கீழே நின்று எண்ணுவான், அவள் மேலே இருந்து எண்ணுவாள், மாலையில் இருவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

வேலை எளியது. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை கால் மணிக்கு ஒரு கட்டம். சாலையைக் கடக்கும் ஒவ்வொருவருக்கும் கையில் இருக்கும் எண்ணும் கருவியை ஓர் அமுக்கு. எந்த ஒரு மணி நேரத்திலாவது நூறு பேர் கடந்தால் சிக்னல் உண்டு. இல்லாவிட்டால், ஒரே வருடத்தில் ஐந்து பெரிய விபத்தாவது நடந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத முனைக்கு விதியில் இடமில்லை.

பதினொரு மணிக்கு ஒட்டகம் போன் செய்தான்.

"அக்கா, இங்க ஒரு மாதிரியா இருக்கு. பஸ்ல வர்றவங்க பாதிப் பேர் இங்க கடக்கறதே இல்ல. பாலத்துக்கு அடியில போய்ச் சுத்திக்கிட்டு வர்றாங்க. ஏன்னு கேட்டா முறைக்கிறாங்க. ஒரு ஆளு என் பேப்பரை எட்டிப் பாத்துட்டு என் செருப்பு மேலேயே துப்பிட்டுப் போறான்."

"துடைச்சுக்கிட்டு எண்ணு."

"நீங்க சொல்லுவீங்க. மேல நிழல்ல உக்காந்திருக்கீங்க."

மூன்று மணிக்குச் சற்று முன்னால் படி முனகியது. வீட்டுக்காரி தண்ணீர்ச் சொம்பை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் தண்ணீர் தாளின் மேல் சிந்தியது. துடைக்கவில்லை.

"எவ்வளவு ஆச்சு?"

"ஒரு மணி நேரத்துக்கு நாப்பதைத் தாண்டலைங்க."

"எப்படித் தாண்டும்? அடிபட்ட நாய்கூட அந்த இடத்தை மறுபடி மிதிக்காது. மனுஷங்க மட்டும் உங்க கணக்குக்காக வந்து நடப்பாங்களா?" அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "இந்தப் பாலம் கட்டினதுலேருந்து இங்க செத்தவங்களுக்குக் கணக்கே இல்ல. போன வருஷம் நாலு பெரிய விபத்து. உங்க ஆபீஸ்ல கேட்டேன். அஞ்சு வேணுமாம், ஒண்ணு குறையுதாம். நான் வேணா போய் விழட்டுமான்னேன். போனை வெச்சுட்டாங்க."

பொறியாளர் சன்னலைப் பார்த்தாள். யாரோ ஒருவர் கடந்தார். அமுக்கினாள்.

"அன்னைக்கு மூணேகாலுக்கு நீங்க சன்னல்ல இல்ல," என்றாள் வீட்டுக்காரி.

கட்டை விரல் கருவியின் மேலேயே நின்றுவிட்டது.

நாலு வருடமாக யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்தது அது. அன்று வெயில் அடித்துப் போட்டது. சாப்பிட்ட மயக்கம் வேறு. மேசையில் தலை சாய்த்தது தெரியும். விழித்தபோது மணி மூன்று முப்பத்திரண்டு. ஒரு கட்டம் காலி. மேல் கட்டத்தில் இருபத்துமூன்று. கொஞ்ச நேரம் பொறுத்துக் கீழ்க் கட்டத்தில் இருபத்தைந்து வந்தது. நடுவில் இருபத்துநான்கு என்று எழுதினாள். கூட்டிப் பார்த்ததில் அந்த மணி நேரத்துக்குத் தொண்ணூற்றுநான்கு. நூறுக்கு ஆறு குறைவு. அன்றைக்கு எல்லாவற்றிலும் அதிகமாக வந்த மணி நேரமே அதுதான்.

"அது எந்தக் கால் மணி தெரியுமா? மூணரைக்கு ஆஸ்பத்திரியில நோயாளியைப் பாக்க உள்ள விடுவாங்க. மூணேகாலுக்கு ரெண்டு பஸ் வரும். அன்னைக்கு நான் கீழ வாசல்ல நின்னுதான் பாத்தேன். அறுபது பேருக்கு மேல கடந்தாங்க. அண்ணாந்து பாத்தா உங்க தலையையே காணோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. அந்தம்மா கணக்கு கறாரா இருக்கும்னாங்க."

அந்தப் பட்டப்பெயரை வெளி ஆள் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

"அடுத்த மாசமே என் தங்கச்சி. ஆஸ்பத்திரியில துணி வெளுக்கற வேலை. இதே நேரத்துக்குத்தான் பஸ்ஸைவிட்டு இறங்குவா. மஞ்சக் குடை பிடிச்சுக்கிட்டு ரோட்டுல கால் வெச்சா. குடை இந்தப் பக்கம் வந்து விழுந்துச்சு. அவ வரலை."

வீட்டுக்காரி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"என்னங்க இது! கதவைத் திறங்க!"

கதவின் மறுபுறத்திலிருந்து குரல் தணிந்து வந்தது. "மூணரைக்குத் திறக்கறேன். இன்னைக்கு ஒருத்தரையும் விட்டுடாதீங்க. எண்ணாம விட்டா அவங்களுக்குப் பிடிக்காது."

படிகள் முனகிக்கொண்டே கீழே இறங்கின.

அவள் கதவை உலுக்கினாள். ஒட்டகத்தைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்தது. கீழே அவன் சட்டைப்பை மினுங்குவது மேலிருந்து தெரிந்தது. அவன் குனியவே இல்லை. "டேய்!" என்று சன்னல் வழியாகக் கத்தினாள். அவன் நிமிரவும் இல்லை.

மணி மூன்றேகால்.

முதலில் சத்தம் நின்றது.

வண்டிகள் நிற்கவில்லை. பாலத்திலிருந்து சரிந்து வந்து அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருந்தன. ஓசை மட்டும் இல்லை. துணியால் வாயைப் பொத்தியது போல ஊரே அடங்கிவிட்டது. தன் மூச்சு தன் காதில் இரைவது அவளுக்குக் கேட்டது.

எதிர்ப் பக்கம் நடைபாதையில் ஆட்கள் சேர்ந்தார்கள். எந்தப் பேருந்தும் வரவில்லை. ஆனாலும் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். ஒட்டகத்தை இடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டு தாளைப் பார்த்தபடி இருந்தான்.

முன்வரிசையில் ஒரு மஞ்சள் குடை.

குடை சற்றுப் பின்னால் சாய்ந்தது. அதன் கீழ் இருந்தவள் நேராக மாடிச் சன்னலைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே சாலையில் இறங்கினாள். இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. நடுக்கோடு வரை வந்தாள். ஒரு லாரி அவள் இருந்த இடத்தைக் கடந்து போனது. பிறகு அங்கே யாருமில்லை.

விரல் தானாக அமுக்கிவிட்டது.

கீழே, மாடிப்படியின் முதல் படி முனகியது.

அடுத்து ஒரு கிழவர், கையில் மருந்துப் பை. அதே பார்வை. அதே நடுக்கோடு. அமுக்கினாள். படி முனகியது. அடுத்து ஒரு கர்ப்பிணி. அடுத்து ஒரு தபால்காரர், ஒரு கையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஒவ்வொருவரும் நடுச்சாலையில் இல்லாமல் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலடி மேலே ஏறியது.

ஐந்தாவது ஆளுக்கு அவள் விரலை எடுத்துவிட்டாள்.

அந்த மனிதன் நடுக்கோட்டில் நின்றான். மறையவில்லை. வண்டிகள் அவனுக்குள்ளாகவே போய் வந்தன. அவன் அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் அசைந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை. அவள் காதுக்கு அருகிலிருந்து வந்தது.

"என்னை விட்டுட்டீங்க."

அமுக்கினாள்.

தாழ்ப்பாள் திறக்கவில்லை. கதவு அசையவில்லை. ஆனால் அறைக்குள் பலகைத் தரை முனகியது. ஒருவர். இன்னொருவர். பிறகு இடித்துப் பிடித்துக்கொண்டு பலர்.

கருகிய ரப்பர் வாடை மூச்சை அடைத்தது. சித்திரவதை போன்ற வெயில் முகத்தில் அடித்தது. முதுகு மட்டும் ஈரச் சாக்கைப் போர்த்தியது போலச் சில்லிட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் கண் சாலையைவிட்டுப் போய்விடும், யாராவது ஒருவர் விட்டுப்போவார்கள் என்பது மட்டும்தான் அவள் புத்தியில் நின்றது.

இருபது. இருபத்தைந்து.

யாரோ அவள் பின்னங்கழுத்து முடியை ஒதுக்கினார்கள். தோளுக்கு மேலாகக் குனிந்து, தாளைப் பார்க்கிறார்கள். ஈரமான ஏதோ ஒன்று சொட்டுச் சொட்டாக நாற்காலிக் காலில் விழுந்தது.

முப்பத்துநான்கு.

அவளால் அழக்கூட முடியவில்லை. கண்ணில் நீர் நிறைந்தால் பார்வை மங்கும். இமைக்காமல் எண்ணினாள்.

நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. எதிர் நடைபாதை காலி. மணி மூன்று இருபத்தொன்பது. அந்த ஒரு நிமிடம் முழுக்க அறைக்குள் யாரும் அசையவில்லை. நாற்பத்தொரு பேர் மூச்சு விடாமல் நின்றால் அறையில் எப்படி இருக்கும் என்பதை அவளால் பிறகு எவ்வளவு முயன்றும் யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், மிக மெதுவாக:

"எழுதுங்க."

எழுதினாள்.

ஹாரன் சத்தம் செவிட்டில் அடித்தது. ஊர் திரும்பி வந்துவிட்டது. தாழ்ப்பாள் விலகி, வீட்டுக்காரி உள்ளே வந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"மஞ்சக் குடை?"

பொறியாளர் தலையசைத்தாள்.

வீட்டுக்காரியின் முகம் முதல் முறையாக உடைந்தது. "நாலு வருஷமா தினமும் இந்த நேரத்துக்கு வாசல்ல நிக்கிறேன். கூடப் பொறந்தவ நான். என்னை ஒரு தடவை திரும்பிப் பாத்ததில்ல. மேலேயேதான் பாத்துக்கிட்டு வர்றா. இந்தச் சன்னலையே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி அது கல்லாகிவிட்டது. "உங்களைத்தான் தேடறான்னு தெரிஞ்சுது. அதான் வரவெச்சேன். இப்ப எழுந்து போங்க. தண்ணிகூடக் குடிக்க வேண்டாம்."

கீழே ஒட்டகம் தாளை நீட்டினான். "மூணேகால் கட்டத்துல எனக்கு ஆறு, அக்கா. உங்களுக்கு?"

"நாப்பத்தொண்ணு."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "வெறும் ரோடு அக்கா அது. நான் இங்கேயேதானே நின்னேன்."

"தெரியும். ஆறுன்னே இருக்கட்டும்." தன் தாளில் எழுதியிருந்ததை அடித்து ஆறு என்று போட்டாள். பொய் எழுதி மறுத்த சிக்னலை, எவர் கண்ணுக்கும் தெரியாதவர்களின் கணக்கை எழுதி வாங்க முடியாது. அவளிடம் இருந்த உண்மை ஒன்றே ஒன்றுதான்.

அதை மறுநாள் எழுதிக் கொண்டுபோய்த் தலைமைப் பொறியாளர் மேசையில் வைத்தாள். நாலு வருடத்துக்கு முந்தைய தாளில் ஒரு கட்டம் பொய். எண்ணும் நேரத்தில் தூங்கிவிட்டேன். அந்தக் கட்டத்தை நம்பி எடுத்த முடிவு செல்லாது.

அவர் இரண்டு முறை படித்தார். "நாலு வருஷம் கழிச்சு ஞானோதயமா? இது வெளிய போனா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அதனாலதான் நகல் எடுத்து வெச்சிருக்கேன்."

"மிரட்டறியா?"

"எத்தனை பேர் செத்தாங்கன்னு ஒரு தடவையாவது கேளுங்க சார்."

அவர் கேட்கவில்லை. கதவைக் காட்டினார். வீட்டில் கணவனும் பரிந்து பேசவில்லை. "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே," என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்திவைத்து எழுந்து போனான்.

ஆனால் கடிதம் வேலை செய்தது. அது நீதிமன்றம் ஏறினால் மேலே பல நாற்காலிகள் ஆடும். 'சிறப்பு நேர்வு' என்று ஒரு வரி எழுதி மூன்றே மாதத்தில் அந்த முனைக்குச் சிக்னல் போட்டார்கள். வீட்டுக்காரி சாவியை மருத்துவமனைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு எங்கோ போய்விட்டாள் என்று கேள்வி. பொறியாளரைப் பதவி இறக்கிப் பராமரிப்புப் பிரிவுக்குத் தள்ளினார்கள். அந்த மூன்று மாதமும் அவள் விளக்கை அணைக்காமலே தூங்கினாள். சிக்னல் எரிய ஆரம்பித்த அன்றுதான் அணைத்தாள்.

ஒரு வாரத்தில் புகார் வந்தது. அந்த முனையில் நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்தால் அணையவே மாட்டேன் என்கிறது. சாலை காலியாகக் கிடக்கிறது, வண்டிகள் பாலம் வரை நிற்கின்றன, ஓட்டுநர்கள் கத்துகிறார்கள்.

பராமரிப்புப் பிரிவில் அந்தப் பகுதி அவளுடையது. போகத்தான் வேண்டும்.

மழை விட்டிருந்த ஒரு காலை. மெக்கானிக் கம்பத்தடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, மடிக்கணினியைச் சொருகினான்.

"இது புது மாடல் மேடம். மேல இருக்கற கேமரா உடம்புச் சூட்டைப் பாக்கும், தரையைவிடச் சூடு கூடினாலும் குறைஞ்சாலும் ஆள்னு எடுத்துக்கும். ஆள் வெள்ளையாத் தெரியும், தரை சாம்பலாத் தெரியும். ரோட்டுல ஆள் இருக்கற வரைக்கும் பச்சையை அணைக்காது. கேமராவுல தண்ணி ஏறியிருக்கும், அதான் குழம்புது." ஏதோ இரண்டு பொத்தானைத் தட்டினான். பச்சை அணைந்தது. வண்டிகள் உறுமிக்கொண்டு நகர்ந்தன. "அவ்வளவுதான். ஏணியை எடுத்துட்டு வந்து கேமராவையும் துடைச்சு விட்டுடறேன். பாத்துக்கோங்க."

அவன் வண்டியை நோக்கி நடந்தான். அவள் திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறச் சாலை வெறுமையாக இருந்தது. கடக்கும் கோடுகளில் யாரும் இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திரையின் ஓரத்தில் இரும்புப் பெட்டி. அதன் அருகே வெள்ளையாக ஓர் உருவம், குனிந்து நிற்கிறது. அது அவள்தான். கையை அசைத்துப் பார்த்தாள். உருவமும் அசைத்தது.

அந்த வெள்ளையைச் சுற்றித் தரை சாம்பலாக இல்லை. கறுப்பாக இருந்தது.

மழையில் நனைந்த தரையைவிடக் குளிர்ந்த ஏதோ. அவள் கண்ணைக் குறுக்கிப் பார்த்தாள். கறுப்பு ஒரே திட்டாக இல்லை. தலைகளாகவும் தோள்களாகவும் பிரிந்து பிரிந்து தெரிந்தது. நெருக்கியடித்துக்கொண்டு, எல்லாம் அவள் பக்கமே திரும்பி நின்றன. அடித்துவிட்டு ஆறு என்று போட்ட அந்த நாற்பத்தொன்று அவள் நினைவுக்கு வந்தது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கறுப்பிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. வெள்ளை உருவத்தின் தோளில் படிந்தது.

அவள் தோளில் எதுவும் உறைக்கவில்லை. கனம் இல்லை, குளிர்கூட இல்லை.

திரையில், கை பட்ட இடத்திலிருந்து வெள்ளை அணைய ஆரம்பித்தது. முதலில் தோள். பிறகு கழுத்து.